விடுவதா, அளப்பதா?

பதுளைத் தோட்டங்களில் பனி விலகுமுன்பே லயங்களின் அடுப்புகள் எரியத் தொடங்குகின்றன. கோதுமைமா ரொட்டியும் சாயத்தேநீரும் ஆயத்தமாகின்றன. அத்தேநீரிற் சேரும் சீனிக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. ஆயின், வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறிய அன்றே அச்சீனி வழக்குப் பொருளாகிவிடுகின்றது. “இனி ஒரு துளியும் ஆகாது” என்பது ஒரு கட்சி. “அளவோடு கொண்டால் தீங்கில்லை” என்பது மறு கட்சி.

முற்றாக விடுவதன் வலிமையை ஊவா மக்கள் நன்கறிவர். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு புலால் தவிர்ப்பவர், ‘இன்று சிறிது உண்ணலாமா’ என்று நாள்தோறும் மனத்தோடு வாதிடுவதில்லை. வாயில் அடைபட்டபின் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் நேர்த்திக்கு முடிவுநாள் உண்டு, நீரிழிவுக்கு இல்லை. அடுத்த தீபாவளியன்று ஓர் அதிரசம் உண்டுவிட்டவர், “விரதம் முறிந்தது, இனி என்ன?” என்று தட்டையே வெறுமையாக்குவதும் உண்டு. சீனியை விட்டுவிட்டோம் என்ற துணிவில் ரொட்டியைக் கூட்டிக்கொள்பவரும் உளர். கோதுமைமாவும் சோறும் உடலிற் சர்க்கரையாகவே மாறுகின்றன என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

மறு கட்சியின் குறை வேறு. ‘அளவு’ என்பார், அளக்கமாட்டார். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு மூன்று கரண்டியாக ஐந்து கோப்பை அருந்தினால் தேநீரில் மட்டுமே 60 கிராம் ஆகின்றது. 2,000 கலோரி உண்பவருக்கு இத்தகைய சீனி 50 கிராமுக்குக் குறைய வேண்டும் என்றும், 25 கிராமுக்குக் குறைந்தால் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வழிகாட்டியது. இது நோயற்றவருக்கும் உரிய எல்லை.

அளவைக் கண்ணாற் காணும் வழியொன்று மலையகத்தில் முன்பே உண்டு. உள்ளங்கையிற் சிறிது சீனியையோ வெல்லத்துண்டையோ வைத்துச் சுவைத்தவாறே வெறுந்தேநீர் அருந்தும் பழக்கமே அது. கேத்தலிற் கரைந்த சீனி தெரிவதில்லை, கையிலிருப்பது தெரியும். கரண்டியைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால், சில வாரங்களில் நாவும் அதற்குப் பழகிவிடும்.

ஆதலின், நாள்தோறும் வேண்டிய சோறு, ரொட்டி, தேநீர் ஆகியவற்றுக்கு அளவே பொருந்தும். ஒன்றுடன் நிறுத்த இயலாத பண்டத்தை வீட்டினுள் கொண்டுவராமல் விடுவதே எளிது. போத்தற் குளிர்பானமும் அவ்வாறே விடத்தக்கது. அதன் சீனியளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்னும் நிறக்குறிகள் 2016 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தன. வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கோ பாக்குக்கோ நன்மையான அளவென ஒன்றில்லை. இரண்டும் புற்றுநோய் விளைப்பவை.

நீரிழிவு முற்றினால் பாதத்தின் உணர்ச்சி மங்கும். கல் கிழித்த புண்ணும் நோவாது. செங்குத்தான மலையிற் கொழுந்து பறிப்பவருக்குக் கால்களே பிழைப்பு. அக்கால்களைக் காப்பது நோயாளி ஒருவரின் பொறுப்பன்று. அவருக்கு மட்டும் வேறு தேநீர் வைத்து, ஏனையோர் அவர் முன்னே இனிப்பாக அருந்தும் வீட்டில் விரதமும் நிலைக்காது, அளவும் நிலைக்காது. கேத்தல் ஒன்றாயின் அளவும் ஒன்றாகட்டும்.