தோல் இருக்கு... சுளை எங்கே?

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் என் நண்பன் அக்கவுண்டன்ட். 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம், 128-வது பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் காப்பாற்றியாக வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கென்றால் தினமும் பேக்கப் எடுத்து இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தினார்கள். நண்பன் இதிலெல்லாம் கில்லாடி. முதலாளியின் ஒரு டீ வவுச்சர்கூடத் தொலையாது.

சொந்த விஷயம்? மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள், காலமான அப்பாவின் குரல், எல்லாம் ஒரே ஒரு பென் டிரைவில். மூன்று வருஷம் கழித்துச் செருகினான். லைட் எரிந்தது. 'ஃபார்மட் பண்ணட்டுமா?' என்று மரியாதையாகக் கேட்டது கம்ப்யூட்டர்.

"பீரோவுல, நகைப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தேன்பா. அதைவிடப் பத்திரமா எங்க வைக்கிறது?" என்றான்.

திருடனிடமிருந்து பத்திரம்தான். வெயிலிடமிருந்து? பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருப்பவை. சும்மா கிடந்தால் அது மெள்ளக் கசியும். சூடு ஏறினால் வேகமாகக் கசியும். வீட்டு எஸ்.எஸ்.டி., உழைத்துத் தேய்ந்த பிறகு, மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்கிறது தர நிர்ணயம். 30 டிகிரியா? நம்ம வேலூரில் அது குளிர்காலம் சார்!

இந்தப் பக்கத்துக்கென்றே இன்னொரு வில்லன் உண்டு. தோலிலிருந்து ரோமம் நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அதன் கழிவில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை வாசனை, தெரியுமே! வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பது இந்த வாயுதான். சர்க்யூட் போர்டில் இருக்கும் வெள்ளியையும் தாமிரத்தையும் மட்டும் விட்டுவைக்குமா? டேனரி பக்கம் வீடென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சிலிக்கா ஜெல்லுக்கு அலைய வேண்டாம். புது ஷூ டப்பாவுக்குள் 'தின்னாதே' என்று எழுதி ஒரு பொட்டலம் இருக்குமே, அதேதான்.

ஹார்ட் டிஸ்க் நல்லதா என்றால், நல்லதுதான். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற கம்பெனி லட்சக்கணக்கில் அவற்றை ஓட்டி, கணக்கும் வெளியிடுகிறது. வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு மண்டையைப் போடுகின்றன. அந்த ஒன்று யாருடையது என்பதுதான் கேள்வி. கிளவுட்? வசதி. ஆனால் இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்க ஆரம்பித்தது. சி.டி.யைப் பற்றிப் பேச வேண்டாம். வெயிலில் அதன் சாயமே வெளுத்துவிடும்.

ஆக, எந்தச் சாமானையும் தனியாக நம்ப முடியாது. வழி என்ன? உங்கள் ஆபீஸ் பில் புத்தகத்தைப் பாருங்கள். ஒரிஜினல், டூப்ளிகேட், டிரிப்ளிகேட். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று லாரிக்காரருக்கு, ஒன்று நமக்கு. அதேதான். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. மூன்றாவது கிளவுடாக இருக்கலாம். மாமியார் வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம் (மாமியார் வெளியூர் என்றால்). 2021 நவம்பரில் பாலாறு புரண்டு வந்ததைப் பார்த்தவர்களுக்கு 'ஊருக்கு வெளியே' ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாறு வருஷத்துக்கொரு முறை புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஓலைச்சுவடி செல்லரிப்பதற்குள் நம் முன்னோர் புது ஓலையில் பிரதி எடுத்த மாதிரி.

நிற்க. எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று வருஷம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் தோது. புதுக் கணக்கு போடும்போதே இதையும் முடித்துவிடலாம். 1998-ல் பிக்ஸார் கம்பெனியில் யாரோ ஒரு தப்பான கட்டளையைத் தட்ட, 'டாய் ஸ்டோரி 2' படம் கண்ணெதிரே அழிந்தது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது கொஞ்ச நாளாகவே சரியாகப் பதிவாகவில்லை! காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்கிற பெண்மணி. கைக்குழந்தைக்காரி என்பதால் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டருக்குப் போர்வை சுற்றி, கார் பின் சீட்டில் பெல்ட் மாட்டி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.