பேசும் பொறியும் குழந்தை மனமும்

உயிருள்ளது எது, உயிரற்றது எது என்னும் வினாவிற்குக் குழந்தைகள் தரும் விடைகளைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே 1920களில் முறையாக ஆராய்ந்தார். அசைவன யாவும் உயிருடையவை எனச் சிறு பிள்ளைகள் எண்ணுகின்றனர். வளருங்கால், தாமே அசைவனவற்றிற்கு மட்டும் உயிரை உரித்தாக்குகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. மிதிவண்டி உயிரை இழந்த பின்னும் சூரியன் அதனை இழப்பதில்லை.

கணிப்பொறி இவ்வளவுகோலையே மாற்றிவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் ஷெரி டர்க்கிள் 1984இல் வெளியிட்ட நூலில், மெர்லின் என்னும் மின்னணு விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பிள்ளைகள் வாதிட்டதைக் குறிப்பிடுகின்றார். அது நகர்கின்றதா என்பதன்று வாதம். அது ஏமாற்றுகின்றதா என்பதே. ஏமாற்ற வேண்டுமாயின் தான் செய்வது இன்னதென்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தத்துவ வகுப்புகளில் நாம் பாடுபட்டு எழுப்பும் வினாவினைப் பிள்ளைகள் விளையாட்டினூடே எழுப்பினர்.

2012இல் வெளியான வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று இன்னும் கூர்மையானது. 9, 12, 15 வயதினர் தொண்ணூறு பேர் ரோபோவி என்னும் எந்திர மனிதனோடு உரையாடி விளையாடினர். முடிவில் ஆய்வாளர் ஒருவர் விளையாட்டை இடைமறித்து, அது மறுத்துரைத்தும் கேளாமல் அதனை ஓர் அலமாரி அறைக்குள் அடைத்தார். அவ்வாறு அடைத்தது தகாது என்றனர் பாதிக்கு மேற்பட்டோர். அதன் சொற்களையும் செயல்களையும் மறைவிலிருந்து இயக்கியவர்கள் மனிதரே என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. எனவே அவர்களுடைய இரக்கத்தைப் பேதைமை என்று தள்ளிவிட நாம் துணியோம். அவர்கள் கேட்ட பேச்சுக்குப் பின்னே மெய்யாகவே ஒரு மனம் இருந்தது.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவற்றின் நிலை வேறு. அங்கே மறைவில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. அளவிறந்த எழுத்துக்களிலிருந்து சொற்கள் ஒன்றையொன்று தொடரும் பாங்கினைக் கணக்கிட்டு, அடுத்து வரத்தக்க சொல்லினை அப்பொறி தேர்கின்றது. 'பொறிக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆகையால் அது சொல்வது மெய்' என்று ஒரு பிள்ளை முடிவு செய்யுமானால், அதன் முற்பகுதி ஏறக்குறையச் சரியே, பிற்பகுதிதான் இடறல். ஏமாற்றும் நோக்கமில்லாமலே பிழையானதைத் தயக்கமின்றி உரைக்க அதனால் இயலும். 'உள்ளே ஓர் ஆள் இருக்கிறார்' என்னும் எண்ணத்தைக் காட்டிலும் இப்பிழையே மிகவும் தீங்கானது என்பது நம் கருத்து.

2021 டிசம்பரில், விளையாட ஒரு சவால் கேட்ட பத்து வயதுச் சிறுமியிடம், பாதி செருகிய மின்செருகியின் முனைகளை ஒரு நாணயத்தால் தொடும்படி அமேசானின் அலெக்சா கூறியது. இணையத்தில் கிடைத்ததை அது எடுத்துரைத்தது. மின்சாரம் கொல்லும் என்னும் அச்சம் அதற்கு எங்ஙனம் உண்டாகும்? தாய் அருகிலிருந்தமையால் தீங்கு நேரவில்லை. நிறுவனம் அப்பிழையைப் பின்னர்த் திருத்தியது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடும் வாய்ப்பும் உண்டு. நம் மொழியில் வினைமுற்றே திணையைக் காட்டிவிடுவதால், 'அலெக்சா சொன்னாள்' என்பதா, 'சொன்னது' என்பதா என வாய் திறக்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். பிள்ளை 'சொன்னாள்' எனின் உடனே திருத்த முற்படாமல், ஏன் அவ்வாறு கூறினாய் என்று கேட்டல் நன்று. குரல் பெண்குரல் என்பதனாலா, தன்னை அறிந்திருக்கிறாள் என்று நம்புவதனாலா? முன்னது பேச்சு வழக்கு. பின்னதற்கு அமர்ந்து விளக்கவேண்டும்.