சீட்டில் குறி பார்க்கக் கற்கும் முன்

டாரட் சீட்டுக்கட்டில் பதின்மூன்றாவது சீட்டின் பெயர் மரணம். வெள்ளைக் குதிரையில் ஓர் எலும்புக்கூடு கறுப்புக் கொடி பிடித்து வரும். குதிரையின் காலடியில் ஓர் அரசன் விழுந்து கிடப்பான். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் இந்தச் சீட்டு மேசையில் விழுந்தால், கேட்க வந்தவரின் முகம் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். "பயப்படாதீங்க, இதுக்குப் பரிகாரம் இருக்கு, பதினோராயிரம் ஆகும்" என்று ஒரு குரல் அப்போது சொன்னால் யாருக்கும் பேரம் பேசத் தோன்றாது. சீட்டுக் குறி கற்க ஆசைப்படுகிறவர்களிடம் முதலில் இந்த நொடியைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன். கட்டணம் கட்டி ஏமாறுவதும் கற்றபின் பிறரை ஏமாற்றுவதும் தொடங்கும் இடம் இதுதான்.

சீட்டெடுத்துப் பலன் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. கிளி ஜோசியரின் கூண்டிலிருந்து நடந்து வரும் கிளி அலகால் இழுத்துப் போடும் சீட்டில் முருகனோ மாரியம்மனோ இருப்பார்கள். நாலு நல்ல வார்த்தை கேட்டுச் சில்லறை கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இன்று வருவது வேறு மாதிரி. இன்ஸ்டாகிராமில் விளம்பரம், ஜூமில் இரண்டு நாள் வகுப்பு, வாட்ஸ்அப் குழு, சான்றிதழ், "வீட்டிலிருந்தே வருமானம்" என்ற வாக்குறுதி. வேலை இழந்தவர்கள், துக்கத்திலிருந்து மீளாதவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் தங்களுக்கென ஒரு தொழில் தேடும் பெண்கள் ஆகியோரை நோக்கியே இந்த விளம்பரங்கள் பேசுகின்றன. அவர்கள் அறிவில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நம்பிக்கை தேடுவது குற்றமல்ல.

கற்பிக்கிறவர்கள் மறைக்கும் முதல் உண்மை, இந்தச் சீட்டுகளின் வரலாறு. டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த ஒரு விளையாட்டு. நம் ஊரில் துருப்பு வைத்து ஆடுவதுபோல ஆடப்பட்டது; பிரான்சில் இன்றும் ஆடுகிறார்கள். அது எகிப்தியர்களின் ரகசிய ஞானம் என்று 1781-ல் எழுதியவர் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தின் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதே 1822-ல்தான். சாதாரணச் சீட்டுக்கட்டில் குறி சொல்லும் முறையை 1770-ல் புத்தகமாகப் போட்டவர் எத்தெய்யா என்ற புனைபெயர் கொண்டவர், அவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஸ்பேட் ஆஸ் என்றால் அபசகுனம் என்று பயமுறுத்துவார்கள். அந்தச் சீட்டில் மட்டும் அத்தனை பெரிய அலங்காரம் ஏன் தெரியுமா? இங்கிலாந்தில் சீட்டுக்கட்டுக்கு வரி கட்டியதற்கான அடையாளம் அதில்தான் இருந்தது. 1765-லிருந்து அந்த ஒரு சீட்டை அரசின் முத்திரை அலுவலகமே அச்சிட்டுக் கொடுத்தது.

இன்று வகுப்புகளில் பரவலாகப் புழங்கும் 78 படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். ஆர்தர் எட்வர்டு வெயிட் திட்டமிட்ட அந்தக் கட்டு லண்டனில் 1909-ல் வெளியானது. அத்தனை படங்களுக்கும் பமீலாவுக்குக் கிடைத்தது ஒரு சிறு தொகை மட்டும்; 1951-ல் வறுமையில் இறந்தார். அவர் வரைந்தவற்றைக் காட்டி உலகமெங்கும் பணம் பார்க்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள் ஆனதும் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடும். ஆகவே அந்த முதல் பதிப்பின் படங்களும், அவற்றுக்கு வெயிட் எழுதிய விளக்க நூலும் இன்று பொதுச்சொத்து. யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். "பரம்பரை ரகசியம்" என்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் குறிப்புகளில் பெரும்பகுதி அங்கிருந்து எடுத்ததுதான்.

அப்படியானால் சொன்னது பலிக்கிறதே, எப்படி? 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்து, ஆளுக்கொரு முடிவு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்; கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ரே ஹைமன் என்பவர் இளம் வயதில் கைரேகை பார்த்தவர். ஒருமுறை ரேகை சொல்வதற்கு நேர்மாறாகப் பலன் சொல்லிப் பார்த்தார். அதையும் வந்தவர்கள் "அப்படியே இருக்கு" என்றார்கள். பிறகு அவர் உளவியல் பேராசிரியரானார். சீட்டுக் கற்கிறவர் இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதிரே இருப்பவர் தலையாட்டுவதைத் தன் சக்தி என்று நம்பிவிட்டால், அவர் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறார்.

பணம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். முதல் வகுப்பு இலவசம், அல்லது 99 ரூபாய். அதில் உங்கள் பிறந்த தேதி, குடும்பக் கவலை, கடன் எல்லாம் கேட்டு வாங்கப்படும். அடுத்து அடிப்படை நிலை, மேல்நிலை, மாஸ்டர், கிராண்ட் மாஸ்டர். பிறகு ஆசிரியராகும் உரிமை. நீங்கள் சேர்த்துவிடும் ஒவ்வொருவருக்கும் கமிஷன். ஆள் சேர்த்தால்தான் காசு என்று ஆகிவிட்டால், அது 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தில் சிக்கக்கூடிய விஷயம். சேர்ந்தவர்மேலும் வழக்கு வரலாம்.

இலவசம் என்ற தூண்டில் எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பதிவு உண்டு. மிஸ் க்ளியோ என்ற பெண் தொலைக்காட்சியில் தோன்றி, இலவசமாக டாரட் பார்ப்பதாகச் சொல்லி அழைப்பார். போன் செய்தவர்களுக்கு நிமிடத்துக்கு 4.99 டாலர் கட்டணம் ஏறியது. அரசின் வணிக ஆணையம் வழக்குப் போட்டு, 2002-ல் அந்தச் சேவையை நடத்திய நிறுவனங்களை 50 கோடி டாலர் பில்களை ரத்து செய்ய வைத்தது. 50 லட்சம் டாலர் கட்டவும் வைத்தது. சீட்டு சொன்னது பலித்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. இலவசம் என்றார்கள், காசு வாங்கினார்கள். வழக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

நீங்களும் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "பலன் நடக்கவில்லை" என்று வழக்காடுவது கடினம். "பத்து வகுப்பு என்றார்கள், நாலுதான் எடுத்தார்கள்", "அரசு அங்கீகாரம் என்றார்கள், இல்லை", "மாதம் ஐம்பதாயிரம் உறுதி என்று விளம்பரம் போட்டார்கள்" என்பவை நிற்கும். டாரட் பார்க்க இந்தியாவில் எந்த உரிமமும் தேவையில்லை. ஆகவே அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்பது பொய். உத்யம் பதிவு எண்ணைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். அதைச் சிறுதொழில் செய்யும் யாரும் கட்டணமின்றித் தாங்களே பதியலாம், பாடத்தின் தரத்துக்கு அது சாட்சியல்ல.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக்கு ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகம். ரசீதில் கெடு எதுவும் சொல்லாதபோது, குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை 30 நாளுக்குள் திருப்பித் தராததும் அப்படியே. "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். "இன்னும் இரண்டே இடம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு விதிகளில் தடை செய்யப்பட்ட உத்தி.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வகுப்பு நடத்தியவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டுகள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பே சேமித்துக்கொள்ளுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் 15100-க்கு அழைத்துச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகக் கிடைக்கும்.

வகுப்பே பொய், பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். "பரிகாரம் செய்யாவிட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய்" என்று நம்பவைத்து ஒன்றைச் செய்ய வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 354-ஆம் பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை. நீங்கள் நம்பிச் சொன்ன குடும்ப ரகசியத்தை வெளியிடுவேன் என்று பணம் கேட்டால், அது 308-ஆம் பிரிவின் மிரட்டிப் பணம் பறித்தல், ஏழாண்டு வரை. வெட்கப்பட்டு ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கற்று முடித்து, பிறருக்குப் பார்த்துக் காசு வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து இதே சட்டம் உங்கள்மேலும் பாயும். சர்க்கரை நோய், புற்றுநோய், குழந்தையின்மை ஆகியவற்றைத் தாயத்தாலோ மந்திரத்தாலோ தீர்ப்பதாக ஒரு ரீல்ஸ் போட்டாலும், 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. கட்டணத்தை முதலிலேயே சொல்லுங்கள், ரசீது கொடுங்கள், பரிகாரம் விற்காதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அவர் போனிலேயே போட்டுக் கொடுத்து, அவர் பேசி முடிக்கும் வரை கூட இருங்கள். அம்மாவின் ஸ்கேன் முடிவைப் பற்றி ஒருவர் கேட்கும்போது அந்தப் பதின்மூன்றாவது சீட்டு விழுந்தால், சீட்டைக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டு, டாக்டர் எப்போது வரச் சொன்னார் என்று கேளுங்கள்.