எல்லோரும் செங்கிஸ்கான் வம்சம்

மங்கோலியாவில் 2021-இல் அதிபரானவரை அந்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘உ. ஹுரெல்சுக்’ என்றே எழுதுகின்றன. ‘உ’ என்பது தந்தை உக்னாவின் முதலெழுத்து. இனிஷியல் நமக்கு மட்டுமே வாய்த்த தலைவலி என்று நினைத்திருந்தவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அங்கே ஒருவரைக் கூப்பிடுவது அவருடைய சொந்தப் பெயரால்தான். தந்தை பெயர் முன்னால் நிற்கும். தந்தை பெயர் பதிவாகாத பிள்ளைகள் தாயின் பெயரைப் போட்டுக்கொள்வது உண்டு. கல்யாணம் ஆனதும் மனைவி பெயர் மாறுவதில்லை.

சொந்தப் பெயரே அடையாளம் என்பதால் அதை வைப்பதில் அக்கறையும் அதிகம், அச்சமும் அதிகம். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்கு ‘நெர்குய்’ என்று பெயரிடுவார்கள். ‘பெயரில்லாதவர்’ என்று பொருள். ‘மனிதர் அல்ல’ என்று பொருள்படும் ‘ஹுன்பிஷ்’ என்ற பெயரும் உண்டு. கெட்ட ஆவி ஏமாந்து போய்விடுமாம். நம்மூரில் குப்பன், பிச்சை என்று வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே, ‘ஓவோக்’ எனப்படும் குலப்பெயரும் ஒரு காலத்தில் இருந்தது. இன்னார் இன்ன குலம் என்று தெரிந்தால்தான் ஒரே குலத்துக்குள் பெண் எடுக்காமல் தவிர்க்க முடியும். ஆனால் யார் பிரபு, யார் குடியானவர் என்பதையும் அதே பெயர் காட்டிக்கொடுத்தது. ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் 1925-இல் குலப்பெயர்களைத் தடைசெய்தார்கள். செங்கிஸ்கானின் போர்ஜிகின் குலத்து இளவரசர்களின் செல்வாக்கை ஒடிப்பதும் இதில் ஒரு நோக்கம். இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தங்கள் குலம் எதுவென்றே மறந்துபோனது.

1990-இல் ஜனநாயகம் வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் குலப்பெயர் மறுபடி சட்டமாகிவிட்டது. ஒரே பெயர், ஒரே தந்தை பெயர் என்று ஆட்கள் பெருகியதால் அரசுப் பதிவேடுகளில் குழப்பம். நெருங்கிய உறவுக்குள் தெரியாமலே மணம் முடித்துவிடுவார்களோ என்ற கவலை வேறு. ஆனால் மறந்துபோன குலத்தை எங்கே போய்த் தேடுவது? பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்றானது. மக்கள் போட்டி போட்டுக்கொண்டு போர்ஜிகின் ஆனார்கள்! ஆண்ட பரம்பரை ஆவதற்கு மனுப் போட்டால் போதும் என்றால் எந்த ஊரில்தான் கூட்டம் கூடாது? ஆட்களைப் பிரித்தறிய வந்த பெயரை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டதில் சட்டத்தின் நோக்கமே பாதி அடிபட்டுப் போனது.

எனக்குப் பிடித்தவர் குர்ராக்சா. 1981-இல் சோயுஸ் 39 விண்கலத்தில் சென்ற முதல் மங்கோலிய விண்வெளி வீரர். பின்னாளில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். அவர் எந்த அரசனுக்கும் வாரிசாகவில்லை. ‘சன்சார்’, அதாவது விண்வெளி என்பதையே குலப்பெயராக எடுத்துக்கொண்டார். போய்வந்த இடத்தையே குலமாக்கிக்கொள்ளும் தகுதி அவருக்கு இருந்தது.

தமிழ்நாட்டுக் கதை வேறு விதம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். சட்டம் கிடையாது, தண்டனை கிடையாது. ஆட்கள் தாமாகவே விட்டார்கள். விட்ட பட்டம் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் திரும்பவில்லை. சாதி போய்விட்டதா என்பது தனிக் கேள்வி.

மங்கோலியாவில் திரும்பி வந்த குலப்பெயருக்கும் அடையாள அட்டையைத் தாண்டி அதிக வேலையில்லை. அலுவலகத்திலும் சந்தையிலும் பழையபடி சொந்தப் பெயர்தான். வெளிநாட்டுக்குப் போகும்போதுதான் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் தந்தை பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. விடுதி வரவேற்பாளர் மரியாதையாக அப்பாவைக் கூப்பிடுவார்; மகன்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.