பேச்சு பசியாற்றுமா?

குடும்பச் சண்டை என்றால் நம் ஊர்களிலே முதலில் கூடுவோர் யார்? நாலு பெரியவர்கள், அவர்களோடு நம் கிளைத் தோழர்! "பொறு அம்மா, பேசிப் பார்க்கலாம்" என்கிறார்கள். பேசுகிறார்கள், பேசுகிறார்கள், ஆண்டு ஒன்று ஓடிவிடுகிறது! கைக்குழந்தையோடு தாய்வீட்டிலே கிடக்கும் பெண்ணுக்கு அந்தப் பேச்சு ஒரு படி அரிசி தந்ததா?

பூந்தமல்லிக்கு மேற்கே இருக்கும் குத்தம்பாக்கத்தைப் பாருங்கள். 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ அங்கே கள்ளச்சாராயத்தை எதிர்த்து நின்றார்; வெவ்வேறு சாதியார் இரட்டை வீடுகளிலே ஒட்டி வாழ வழிகண்டார். ஊர் கூடினால் ஊர்த் தீமை ஒழியும் என்பதற்கு அது சான்று. ஆனால், நாலு சுவருக்குள்ளே விழும் அடிக்கும், நின்றுபோன சோற்றுக்கும் ஊர்க்கூட்டம் மட்டும் போதாது. அதற்குத் தேவை, கையெழுத்திட்ட ஒரு மனு!

ஏன் அவசரம்? சொல்லுகிறோம். ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாதம் சமரசம் பேசினால், ஆறு மாதச் சோறு போயிற்று! பறிகொடுத்தவள் ஏழைப் பெண். பறித்தது நம் நல்லெண்ணம்! இது நியாயமா, தோழர்களே?

பழைய 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்திலே 144-ஆவது பிரிவாக இருக்கிறது. கணவன் எந்த ஊருக்குப் போயிருந்தாலும், மனைவி தான் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். நோட்டீசு சேர்ந்த 60 நாளுக்குள் இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். உத்தரவான பின்னும் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். தூங்கினால் அதுவும் போகும்.

அடி, உதை என்றால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அடிபட்டவள்தான் வர வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். காவல் நிலையத்திலே புகார் கொடுத்தால் வெறுங்கையோடு திரும்பாதீர், சி.எஸ்.ஆர். ரசீதோ, முதல் தகவல் அறிக்கையின் நகலோ கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் வழக்கோ இன்னும் கூர்மையானது. சிறுவருக்கென்று 1920-இலேயே தனிச் சட்டம் கண்டது சென்னை மாகாணம்! இன்று 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளையைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பிலே வைக்கக் கூடாது. கெஞ்சிக் கேட்கும் சலுகையல்ல இது, பிள்ளையின் உரிமை! பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் வழக்கிலே 'பேசி முடிப்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது 2012-ஆம் ஆண்டுச் சட்டம்.

"வக்கீலுக்குப் பணம் ஏது?" என்பீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்லுவார்கள். குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098.

சேர்ந்து வாழ மனமிருந்தால் வாழட்டும், வாழ்த்துவோம். மனுப் போட்ட பின்னும் சமரசம் பேசலாமே, யார் தடுத்தார்கள்? ஆகவே, தோழர்களே, நாட்டாண்மை நாற்காலி நமக்கு வேண்டாம். கண்ணீரோடு ஒரு பெண் உங்கள் வாசலுக்கு வந்தால், பாயை விரித்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். காகிதத்தை எடுங்கள், மனுவை எழுதுங்கள், அன்றைக்கே கூட நடந்து கொண்டுபோய்ச் சேருங்கள்!