கத்திக்கு முன் சில கேள்விகள்

நாட்றம்பள்ளியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒரே நெடுஞ்சாலைதான். கல்யாணத்துக்கு முன் முடி நட்டுக்கொள்ளவோ மூக்கைத் திருத்திக்கொள்ளவோ நினைக்கும் இளைஞருக்கு இரண்டு ஊரும் எட்டும் தூரம். கட்டணம், தள்ளுபடி, தவணை எல்லாம் போனிலேயே பேசி முடிந்துவிடுகிறது. அவர் மனநிலையை விசாரிக்கத்தான் ஆளில்லை.

2016 மே மாதம் சென்னையில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவ மாணவர், உடல்நிலை மோசமாகி வேலூர் சி.எம்.சி.யில் உயிரிழந்தார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. யார் செய்யலாம் என்பதற்கு இப்படி ஒரு வரையறை வந்தது. யாருக்குச் செய்யக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்.

சுமார் 50 பேரில் ஒருவருக்கு ‘பாடி டிஸ்மார்பிக் டிஸ்ஆர்டர்’ என்ற மனநலக் கோளாறு இருக்கிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாத குறை இவர்களுக்குப் பூதாகரமாகத் தெரியும். கண்ணாடியை விட்டு நகர மாட்டார்கள். இல்லையென்றால் கண்ணாடிப் பக்கமே போக மாட்டார்கள். தொப்பியில்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தாலும் பெரும்பாலோருக்கு நிம்மதி வராது. கவலை மூக்கிலிருந்து தாடைக்கு இடம் மாறும். இவர்களுக்குப் பலன் தருபவை மனநல ஆலோசனையும் மாத்திரைகளும்தான்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. இந்தக் குறையை நினைத்தே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? வேலைக்கோ விசேஷங்களுக்கோ போவதைத் தவிர்க்கிறீர்களா? ஏற்கெனவே சிகிச்சை செய்தும் திருப்தியில்லையா? ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அழகு அறுவை சிகிச்சைக்கு முன் இந்தக் கோளாறுக்கான சோதனை கட்டாயம். ஒப்புதல் தந்த பிறகும் 7 நாள் பொறுக்க வேண்டும். இங்கும் அப்படியொரு விதி உடனே வர வேண்டும்.

அழகு சிகிச்சையே வீண் என்று சொல்ல வரவில்லை. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். கை சரியாகியும் முகத்தைப் பார்த்து வேலை தர மறுத்தார்கள். அதனால் தலையிலிருந்து முடியுள்ள தோலை எடுத்துப் புருவம் வைத்தார். உள்ளொடுங்கிய மூக்கை எடுப்பாக்கினார். அது அவர்களுக்குப் பிழைப்பைத் திருப்பித் தந்த சிகிச்சை.

மனநல மருத்துவரைப் பார்த்து வரச் சொல்கிறார் என்பதற்காக எந்த டாக்டரிடமும் கோபிக்காதீர்கள், அவரை நம்பலாம். கேள்வியே கேட்காமல் தேதி குறிப்பவரிடம் போகத்தான் யோசிக்க வேண்டும். மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.