யெகூவின் திறை: மூன்றாம் சல்மனேசரின் கருந்தூண்
கருநிறச் சுண்ணாம்புக்கல். உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். அசீரியா, கி.மு. 825 அளவில். இன்றைய வட ஈராக்கின் நிம்ரூத் நகரில் 1846இல் ஆஸ்டின் ஹென்றி லேயார்டு அகழ்ந்தெடுத்தார்.

அசீரியப் பேரரசர் மூன்றாம் சல்மனேசர் தம் படையெடுப்புகளையும் தமக்கு வந்த திறைகளையும் இதில் பொறித்துள்ளார். முன்பக்கம் மேலிருந்து இரண்டாம் வரிசையைப் பாருங்கள். அரசர் முன் நெற்றி நிலம்பட ஒருவர் பணிந்திருக்கிறார். மேலுள்ள ஆப்பெழுத்து இதை "ஓம்ரியின் மகன் யெகூவின் திறை" என்கிறது. வெள்ளி, பொன், பொற்கிண்ணங்கள், வெள்ளீயம், அரசர் கைக்கோல் ஆகியவை பட்டியலில் உள்ளன. திறை செலுத்திய ஆண்டு கி.மு. 841.

விவிலியப்படி யெகூ ஓம்ரியின் மகன் அல்லர். அந்த வம்சத்தை வாளால் அழித்து இஸ்ரவேலின் அரியணை ஏறிய படைத்தலைவர். அசீரியர்களுக்கோ இஸ்ரவேல் என்றாலே ஓம்ரியின் நாடுதான். யெகூவின் கதையை விரிவாகச் சொல்லும் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் இத்திறையைப் பற்றிப் பேசுவதில்லை.

தூணைச் சுற்றி வந்தால் அதே வரிசையில் திறை சுமந்து வரும் இஸ்ரவேலரைக் காணலாம். மூலத்தூண் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.